பிரேக்பாயிண்ட் வெச்சா போர்டு ரீசெட் ஆகுது, வெக்காட்டி மோட்டார் தானா நிக்குது: எங்கிருந்து தேடறதுங்க?

கோபி_பாசனம் | திங்கள், இரவு 10.15

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஊரு கோபி பக்கம், சோலி கோயமுத்தூர் கணபதியில ஒரு சின்னக் கம்பெனியில. போர் மோட்டாரைச் செல்போன்லயே ஓட்டி நிறுத்தற மொபைல் ஸ்டார்டருக்கு புரோகிராம் எழுதறேன். சேர்ந்து எட்டு மாசம் ஆச்சு.

பிரச்சனை இதுதானுங்க. காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்துல எங்க பெட்டி மாட்டியிருக்கு. போர்ல தண்ணி இருக்கு, தொட்டியில கொட்டிட்டே இருக்கு, திடீர்னு "டிரை ரன், மோட்டார் ஆஃப்"னு மெசேஜ் போயி மோட்டார் நின்னுருது. மறுபடி ஓட்டுனா அஞ்சே நொடியில திரும்ப அதே மெசேஜ். மெயினை அணைச்சுப் போட்டா சரியாயிடுது. ரெண்டு நாளோ நாலு நாளோ ஒழுங்கா ஓடும், பொறவு மறுபடி நிக்கும். ஆபீஸ்ல இருக்கற போர்டுல இந்தத் தப்பு ஒருக்காகூட வந்ததில்லை. புதுசா தென்னங்கன்னு வெச்ச தோட்டம். அந்த ஐயா ராத்திரி பதினொரு மணிக்கு டார்ச் எடுத்துட்டு மோட்டார் ரூமுக்கு நடக்கறார்.

டிரை ரன் பாக்கற கணக்கு சுலபமானதுதான். தண்ணி இல்லாம சுத்துனா மோட்டார் கம்மியா ஆம்பியர் இழுக்கும். நாம வெச்ச அளவுக்குக் கீழ போனா ரிலேயை விட்டுடணும். அந்த ஒப்பிடற வரியில பிரேக்பாயிண்ட் (ஓடற புரோகிராமை அந்த வரியில நிறுத்தற குறி) வெச்சுப் பாக்கலாம்னு உக்காந்தேன். சிப்பு எஸ்டிஎம்32 எஃப்103, கம்பைலர் ஜிசிசி, தப்பு தேடற டீபக்கர் ஜிடிபி, போர்டைக் கம்ப்யூட்டரோட கோக்கறது எஸ்டி லிங்க், எல்லாத்தையும் விஎஸ் கோடு எடிட்டர் வழியா ஓட்டறேன்.

சிவப்புப் புள்ளி வெச்ச வரியில நிக்காம ரெண்டு வரி தள்ளி நிக்குது. சில வரியில புள்ளி சாம்பல் நிறமா மாறி நிக்கவே மாட்டேங்குது. வேரியபிளைப் பாத்தா "ஆப்டிமைஸ்டு அவுட்"ங்குது. அப்படியே நின்னாலும் நான் நாலு எண்ணறதுக்குள்ள போர்டு ரீசெட் ஆகி முதல்ல இருந்து ஓடுது. சந்தேகப்பட்ட எடத்துல எல்லாம் வெக்கலாம்னு பாத்தா ஏழாவது பிரேக்பாயிண்ட்டை ஏத்துக்கவே மாட்டேங்குது. காலேஜ்ல எல்லாத்தையும் பிரிண்ட்எஃப் போட்டே முடிச்சோம். அடிப்படையில இருந்து சொன்னாலும் சந்தோசம்ங்க.

சோமனூர்_பாவு | திங்கள், இரவு 10.52

கோபி தம்பி, எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்க வேண்டாம். ஒவ்வொண்ணுக்கும் காரணம் வேற.

வரி தள்ளி நிக்கறது கம்பைலரோட வேலை. நீங்க ஓ2 (கோடு வேகமா ஓடறதுக்காகக் கம்பைலருக்குக் குடுக்கற ஆப்ஷன்) போட்டுத்தான் பில்டு பண்றீங்கன்னு நெனைக்கறேன். ஓ2 போட்டா கம்பைலர் வரிகளை இடம் மாத்தும், சின்ன ஃபங்ஷனைக் கூப்பிட்ட எடத்துலயே கரைச்சுடும், வேரியபிளை மெமரிக்குக் கொண்டு போகாம ரெஜிஸ்டர்லயே முடிச்சுடும். அப்புறம் "இந்த வரியில நில்லு"ன்னா அந்த வரிக்குன்னு தனியா ஒரு எடமே இருக்காது. டீபக் பில்டுக்கு ஓஜி போடுங்க, கூட டீபக் விவரங்களைச் சேர்க்கற ஜி3 சேருங்க. ஓஜி டீபக் பண்றதுக்குன்னே வெச்ச அளவு, கோடும் ரொம்பப் பெருத்துடாது. ஒரே ஒரு எச்சரிக்கை: ஓ2ல வர்ற தப்பு சில சமயம் ஓஜியில வராது. அதனால கடைசியில ஓ2லயும் ஒருக்கா ஓட்டிப் பாத்தே ஆகணும்.

சாம்பல் புள்ளிக்கு இன்னொரு காரணமும் உண்டு. போர்டுல ஏத்துனது நேத்து பில்டு, டீபக்கர் கையில இருக்கறது இன்னைக்கு பில்டுன்னு ஆயிருக்கும். ரெண்டும் ஒண்ணுதானான்னு பாத்துருங்க. நான் இதுலயே ஒரு முழு நாளைத் தொலைச்சிருக்கேன்.

ஏழாவதை ஏன் ஏத்துக்கலைங்கறதுதான் முக்கியம், அதை வெலாவாரியாச் சொல்றேன். கம்ப்யூட்டர்ல ஓடற புரோகிராமுக்கு நீங்க பிரேக்பாயிண்ட் வெச்சா, டீபக்கர் அந்த எடத்துல இருக்கற கட்டளையோட முதல் பைட்டை எடுத்துப் பத்திரமா வெச்சுட்டு, அங்க ஒரு "நில்லு" பைட்டைப் போட்டுடும். இண்டல் சிப்புல அது இன்ட்3, ஹெக்ஸ்ல சிசி. பிராசசர் அதை மிதிச்சதும் நிக்கும், டீபக்கர் பழைய பைட்டைத் திரும்ப வெச்சு ஓட விடும். அது ராம்ல இருக்கற கோடு, எத்தனை எடத்துல வேணாலும் மாத்தலாம், கணக்கே இல்லை.

உங்க கோடு இருக்கறது ஃப்ளாஷ்ல. அங்க ஒரு பைட்டை மட்டும் நெனைச்சப்ப மாத்த முடியாது, பக்கம் பக்கமா அழிச்சுத்தான் எழுதணும். அதனால சிப்புக்குள்ளயே அதுக்குன்னு ஒரு பகுதி வெச்சிருக்காங்க. உங்க சிப்புல இருக்கற கார்டெக்ஸ் எம்3 பிராசசர்ல கட்டளை முகவரியை ஒப்பிடற கம்பேரேட்டர் ஆறு. ஒவ்வொண்ணும் ஒரு முகவரியை வெச்சுக்கிட்டு "இங்க வந்தா நில்லு"ன்னு காவல் காக்கும். ஆறு காவல்காரன், அவ்வளவுதான். எம்0 சிப்புல நாலுக்கு மேல கிடையாது. இன்னொண்ணும் கவனிங்க: எஃப்10 அழுத்தி ஒரு வரி தாண்டறப்ப டீபக்கரும் அந்த ஆறுல ஒண்ணைக் கடன் வாங்கும். ஆறையும் நீங்களே பிடிச்சுக்கிட்டா ஸ்டெப் போறதும் மக்கர் பண்ணும். நாலு வெச்சுட்டு ரெண்டை விட்டு வைங்க.

ஸ்டார்டர்_பெட்டி | செவ்வாய், காலை 6.20

தம்பி, நீங்க டேபிள் மேல பாக்கறீங்களா, நெசமான மோட்டாரைக் கோத்துட்டுப் பாக்கறீங்களா? முப்பது வருசமா பேனல் வயரிங் பண்றவன், அதனால முதல்ல இதைக் கேக்கறேன்.

பிரேக்பாயிண்ட்ல உங்க சிப்பு நிக்குதுன்னா அது மட்டுந்தான் நிக்குது. ரிலேக்குப் போற பின்னு கடைசியா எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கும். ரிலே புடிச்சிருந்தா காண்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்ட் விடற பெரிய சுவிட்சு) புடிச்சே இருக்கும், மோட்டார் ஓடிட்டே இருக்கும். நீங்க ஸ்கிரீனைப் பாத்து ரோசனை பண்ணிட்டு இருப்பீங்க, அங்க டிரை ரன் பாக்கறதுக்கு ஆள் இல்லை, சிங்கிள் பேஸ் ஆனாலும் பாக்கறதுக்கு ஆள் இல்லை. ஓவர்லோடு ரிலே காப்பாத்தும்னு நெனைக்காதீங்க. அது கரண்ட் ஏறுனாத்தான் விழும். தண்ணி இல்லாம ஓடறப்ப கரண்ட் எறங்குதுங்களே, அது எப்படி விழும்? சப்மெர்சிபிளுக்கு பேரிங் குளிர்றதே தண்ணியிலதான். தண்ணி இல்லாம சுத்துச்சுன்னா தேஞ்சு சூடாகி மோட்டாரே போயிரும். ஆயிரம் அடிக்கு மேல போட்ட போர்ல இருந்து பைப்பைக் கழட்டி மேல எடுக்கறதுன்னா என்ன செலவுன்னு அந்தத் தோட்டத்துக்காரரைக் கேளுங்க.

காண்டாக்டர் காயிலைக் கழட்டி வெச்சுருங்க. அந்த எடத்துல 100 வாட் குண்டு பல்பு ஒண்ணைப் போடுங்க. பல்புக்குப் போற ஒயரை கரண்ட் பாக்கற சிடிக்குள்ள இருபது சுத்து சுத்துங்க. பல்பு இழுக்கறது 0.43 ஆம்பியர், இருபது சுத்துக்கு 8.7 ஆம்பியர்னு உங்க போர்டு படிக்கும். மோட்டார் ஓடறதாவே நெனைச்சுக்கும். சுத்தைக் கொறைச்சா டிரை ரன். பல்பு கண்ணு முன்னால எரியறதால ரிலே புடிச்சிருக்கா விட்டுருச்சான்னு தலையைத் தூக்காமலே தெரியும்.

கோபி_பாசனம் | செவ்வாய், இரவு 9.05

ஸ்டார்டர் ஐயா, நெம்ப நன்றிங்க. நேத்து வரைக்கும் ஆபீஸ் சின்டெக்ஸ் தொட்டியில ஒரு மோட்டாரை இறக்கித்தான் பாத்துட்டு இருந்தேன். இன்னைக்கு அதைக் கழட்டிட்டேன், பல்புதான் எரியுது. சோமனூர் அண்ணா, ஓஜி போட்டதும் வெச்ச வரியிலயே நிக்குது, வேரியபிளும் தெரியுது.

ஆனா அந்த ரீசெட் மட்டும் போகலைங்க. நின்ன நாலாவது நொடி முதல்ல இருந்து ஓடுது.

நொய்யல்_கரை | செவ்வாய், இரவு 9.31

தம்பி, உங்க கோடுல வாட்ச்டாக் ஓடுதுன்னு நெனைக்கறேன். நாலு நொடிக்கு ஒரு தரம் நான் உயிரோட இருக்கேன்னு புரோகிராம் சொல்லணும், சொல்லாட்டி சிப்பே ரீசெட் போட்டுக்கும். எஸ்டிஎம்32ல இருக்கற ஐடபிள்யூடிஜிங்கற வாட்ச்டாக்குக்குத் தனியா சொந்த ஆசிலேட்டர், சுமார் 40 கிலோஹெர்ட்ஸ். பிராசசர் நின்னாலும் அது பாட்டுக்கு எண்ணிட்டே இருக்கும். நீங்க பிரேக்பாயிண்ட்ல நிறுத்தறது அதுக்குப் புரோகிராம் செத்துப் போன மாதிரிதான் தெரியும்.

இதுக்கு டீபக் வேலைக்குன்னே இருக்கற டிபிஜிஎம்சியு கன்ட்ரோல் ரெஜிஸ்டர்ல வழி வெச்சிருக்காங்க. எஃப்103ல அதோட 8ஆவது பிட்டைப் போட்டா, பிராசசர் டீபக்குக்காக நிக்கறப்ப ஐடபிள்யூடிஜியும் நிக்கும். 9ஆவது பிட் விண்டோ வாட்ச்டாக்குக்கு. டைமர்களை நிறுத்தறதுக்கும் அங்கயே தனித்தனி பிட் இருக்கு. சில டூல் இதைத் தானாவே போட்டுடும், எல்லாமும் போடாது, அதனால மெயின் ஃபங்ஷன் ஆரம்பத்துல நீங்களே எழுதிடுங்க. வாட்ச்டாக்கை கமெண்ட் பண்ணி வெச்சு டீபக் பண்ண வேண்டாம். அப்படிக் கமெண்ட் பண்ணது அப்படியே பெட்டிக்குள்ள போயி வெளியூர் போனதை நான் என் கண்ணால பாத்திருக்கேன். போர்டுல தனியா வாட்ச்டாக் ஐசி வெச்சிருந்தா இந்த பிட்டெல்லாம் அதுக்குத் தெரியாது, ஜம்பரைக் கழட்டணும்.

இப்ப முக்கியமானதுக்கு வர்றேன். ஒப்பிடற வரியில நிறுத்திப் பாத்து என்ன தெரிஞ்சுக்கப் போறீங்க? மோட்டார் தப்பா நின்ன பிறகு அந்த வரியில நின்னீங்கன்னா, கரண்ட் இவ்வளவு, வெச்ச அளவு இவ்வளவு, கரண்ட் கம்மின்னு காட்டும். அதைத்தான் மெசேஜே சொல்லிருச்சே. எந்த எண்ணு தப்புங்கறதுதான் முதல் கேள்வி. கரண்ட் தப்பா படிக்குதா, இல்லை வெச்ச அளவே மாறிருச்சா? மெயினை அணைச்சுப் போட்டா சரியாகுதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. மெயின் போட்டதும் உங்க புரோகிராம் எதை எதைப் புதுசா எடுத்துக்குது, அதை யோசிச்சுட்டு வாங்க.

பனியன்_நிரலி | செவ்வாய், இரவு 10.10

நானும் உள்ள வரலாமுங்களா? திருப்பூர்ல பனியன் கம்பெனிகளுக்கு பேக்கிங் லிஸ்ட், ஸ்டாக் பாக்கற சாஃப்ட்வேர் எழுதறேன். போர்டு பத்தித் தெரியாது, ஆனா பிரேக்பாயிண்ட்டோடதான் தினமும் பொழப்பு.

கோபி, எஃப்9 அழுத்திப் புள்ளி வெச்சு எஃப்5ஐத் தட்டிக்கிட்டே இருந்தா மாளாது. எங்க லிஸ்ட்ல ஒரு ஆர்டருக்கு மூவாயிரம் நாலாயிரம் வரி வரும். ஸ்டைல், கலர், சைஸ்னு பிரிஞ்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி. அதுல ஒரே ஒரு எக்ஸ்எல் வரியில மட்டும் பீஸ் எண்ணிக்கை மைனஸ்ல வந்துச்சு. லூப்புல புள்ளி வெச்சா முதல் வரியிலயே நிக்கும். அப்பத்தான் புள்ளி மேல ரைட் கிளிக் பண்ணி நிபந்தனை போடற பழக்கம் வந்துச்சு. எண்ணிக்கை சுழியத்துக்குக் கீழ இருந்தா மட்டும் நில்லுன்னு எழுதுனா அந்த ஒரு வரியில மட்டும் நிக்கும். இத்தனையாவது சுத்துல நில்லுன்னும் போடலாம். நிக்காமயே எண்ணை மட்டும் எழுதிட்டுப் போன்னு சொல்ற லாக்பாயிண்ட்டும் அதே மெனுவுல இருக்கு, வைர வடிவத்துல தெரியும். கோடுல கை வெக்க வேண்டாம், அப்புறம் அழிக்க மறக்கறதும் இல்லை.

நிபந்தனை எழுதறப்ப ரெட்டை ஈக்வலா ஒத்தை ஈக்வலான்னு ரெண்டு தரம் பாருங்க. நான் ஒருக்கா ஒத்தை ஈக்வல் போட்டுட்டேன். அது ஒப்பிடாம அந்த வேரியபிளுக்குள்ள மதிப்பைப் போட்டே விட்டுருச்சு. எல்லா வரியும் எக்ஸ்எல் ஆயிருச்சு. டீபக்கரே டேட்டாவைக் கெடுக்கும்னு அன்னைக்கு மத்தியானம் பூரா எனக்குத் தோணவே இல்லை.

சோமனூர்_பாவு | செவ்வாய், இரவு 10.34

பனியன் அம்மணி சொன்னது அத்தனையும் சரி, ஆனா போர்டுக்கு ஒரு வித்தியாசம் உண்டு. சிப்புக்குள்ள இருக்கற கம்பேரேட்டருக்கு முகவரி மட்டுந்தான் தெரியும், உங்க நிபந்தனை தெரியாது. அதனால ஒவ்வொரு தரமும் சிப்பு நெசமாவே நிக்கும், ஜிடிபி எஸ்டி லிங்க் வழியா வேரியபிளைப் படிச்சுப் பாத்து, நிபந்தனை பொருந்தலைன்னா மறுபடி ஓட விடும். ஒரு தரத்துக்குச் சில மில்லி செகண்டு போயிரும். கரண்ட்டை அளக்கறதுக்காக நொடிக்கு ஆயிரக்கணக்குல ஓடற ஏடிசி இன்டரப்ட்டுக்குள்ள இப்படி வெச்சா அளவெடுக்கறதே நாசம். அங்க மட்டும் கோடுலயே ஒரு இஃப் போட்டு, அதுக்குள்ள எதுவும் செய்யாத நாப் கட்டளை ஒண்ணு எழுதி, அந்த நாப் மேல சாதா பிரேக்பாயிண்ட் வைங்க.

பெருந்துறை_வாத்தியார் | புதன், காலை 7.45

இந்த இழையை நேற்று இரவு எங்கள் மாணவர்களுக்கு அனுப்பினேன். ஆய்வகத்தில் நான் தினமும் பார்க்கும் ஒரு காட்சி: மெயின் ஃபங்ஷனின் முதல் வரியில் ஒரு பிரேக்பாயிண்ட் வைத்துவிட்டு எஃப்10ஐ முந்நூறு முறை அழுத்துவார்கள். எது உள்ளே போகும், எது தாண்டிப் போகும் என்றே பிரித்துப் பார்ப்பதில்லை. எஃப்10 அழைப்பைத் தாண்டும், எஃப்11 அழைப்புக்கு உள்ளே போகும், ஷிஃப்ட்டோடு எஃப்11 அழுத்தினால் உள்ளே போன ஃபங்ஷன் முடிந்து வெளியே வந்து நிற்கும். அதைவிட அவர்கள் கவனிக்காத ஒன்று, பக்கத்தில் இருக்கும் கால் ஸ்டாக். நின்ற இடத்துக்கு யார் கூப்பிட்டு வந்தோம் என்ற வரலாறு முழுக்க அதில் இருக்கிறது. நின்றவுடன் முதலில் அதைப் படியுங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றுகிறது.

பிரேக்பாயிண்ட் என்ற பெயர் எப்படி வந்தது என்று முன்பு ஒரு மாணவி கேட்டார். 1940களில் செய்யப்பட்ட எனியாக் கணினியில், ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குக் கேபிள் செருகித்தான் கணக்கு ஓடும் வழியை அமைத்தார்கள். கணக்கை ஓரிடத்தில் நிறுத்த வேண்டுமென்றால் அந்த இடத்துக் கேபிளை உருவிவிடுவார்கள். அந்த வழி அங்கே அறும். பிரேக்பாயிண்ட் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. இதற்கு வழிவகுத்தவராகச் சொல்லப்படுபவர், எனியாக்கை நிரலாக்கிய பெண்களில் ஒருவரான பெட்டி ஹோல்பர்டன். கேட்ட மாணவிக்கு அன்று முகம் மலர்ந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பைத்தான் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2018இல் வந்த 3.7 பதிப்பிலிருந்து பிரேக்பாயிண்ட் என்ற பெயரிலேயே ஒரு ஃபங்ஷன் மொழிக்குள் இருக்கிறது. வேண்டிய வரியில் அதை எழுதினால் போதும், பைத்தானின் டீபக்கரான பிடிபி அங்கே திறக்கும்.

ஸ்டார்டர்_பெட்டி | புதன், காலை 8.30

எனக்கு ஒரு சந்தேகம்ங்க. எங்க காலத்துல போர்டு பண்றவங்க சீரியல்ல எழுத்து அனுப்பிப் பாத்தே எல்லாத்தையும் கண்டுபிடிச்சாங்க. அதுலயே வேலை ஆகுமே, மோட்டாரும் நிக்க வேண்டாம், வாட்ச்டாக்கும் குறுக்க வராது. இதுக்கு எதுக்கு இத்தனை பாடு?

நொய்யல்_கரை | புதன், காலை 9.02

ஐயா, நீங்க சொல்றதுல பாதிக்கு மேல நியாயம் இருக்குங்க. ஓடற மெஷினை நிறுத்தவே முடியாத எடத்துல அதுதான் வழி. நானும் இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் பாதி வேலையை முடிக்கறேன்.

ஆனா அதுக்கும் விலை உண்டு. 115200 பாட்ல ஒரு எழுத்து போறதுக்கு சுமார் 87 மைக்ரோ செகண்டு. நாப்பது எழுத்துல ஒரு வரின்னா மூணரை மில்லி செகண்டு. நம்ம கரண்ட்டோட ஒரு சுத்தே 20 மில்லி செகண்டுதான். காத்திருந்து அனுப்பற மாதிரி பிரிண்ட் போட்டு அதை அளவெடுக்கற எடத்துல வெச்சா, அளவையே அது மாத்திடும். அதோட, எங்க தப்புன்னு ஓரளவு தெரிஞ்சாத்தான் பிரிண்ட் போட எடம் தெரியும். கோபிக்கு இப்ப எடமே தெரியலைங்களே.

கோபி_பாசனம் | புதன், மதியம் 1.20

நொய்யல் அக்கா, நீங்க கேட்டதை உக்காந்து பாத்தேன். மெயின் போட்டதும், கரண்ட் போனாலும் அழியாத ஈபிராம்ல இருந்து டிரை ரன் அளவை எடுத்து ராம்ல வெச்சுக்குது. 5.2 ஆம்பியர், பத்தால பெருக்கி 52ன்னு ரெண்டு பைட்டு வேரியபிள். அதுக்கப்புறம் அதை மாத்தற வரி மொத்தக் கோடுலயும் ஒரே ஒரு எடத்துலதான் இருக்கு, அளவை மாத்தச் சொல்லி விவசாயி மெசேஜ் அனுப்பறப்ப. அவர் அப்படி எதுவும் அனுப்பலைங்கறார். அங்க பிரேக்பாயிண்ட் வெச்சேன், ஒருக்காகூட நிக்கலை.

நொய்யல்_கரை | புதன், மதியம் 1.48

அப்ப உங்களுக்கு வேண்டியது பிரேக்பாயிண்ட் இல்லை தம்பி, வாட்ச்பாயிண்ட். சோமனூர்க்காரர் வீட்ல தறி ஓடுதுன்னு தெரியும், அவரே சொல்லட்டும்.

சோமனூர்_பாவு | புதன், மதியம் 2.15

அக்கா எங்க வர்றாங்கன்னு புரிஞ்சுது. தம்பி, ஆட்டோ லூம்ல பாவுல இருக்கற ஒவ்வொரு இழையிலயும் ஒரு டிராப்பர் தொங்கும். மெல்லிசான இரும்புத் தகடு. இழை விறைப்பா இருக்கற வரைக்கும் அது மேலயே நிக்கும். ஆயிரக்கணக்கான இழையில எது அறுந்தாலும் அதோட டிராப்பர் கீழ விழும், விழுந்த நொடி தறி நிக்கும். எந்த இழை அறும்னு முன்கூட்டியே தெரிஞ்சு யாரும் அங்க போயி உக்காந்திருக்கறதில்லை. நின்னதும் விழுந்து கெடக்கற தகட்டைத் தேடுனா அறுந்த இழை கையில வந்துடும்.

வாட்ச்பாயிண்ட் அந்த மாதிரி. கோடுல எந்த வரின்னு சொல்ல வேண்டாம். இந்த வேரியபிள்ல யாராவது எழுதுனா நில்லுன்னு மட்டும் சொல்றீங்க. எம்3ல இதுக்குன்னு டிடபிள்யூடின்னு ஒரு பகுதி, அதுல நாலு கம்பேரேட்டர் வரைக்கும் இருக்கும். ஹார்டுவேரே பாக்கறதால ஓட்டம் துளிகூட மெதுவாகாது. ஹார்டுவேர் கிடைக்காட்டி ஜிடிபி ஒவ்வொரு கட்டளையா ஓட்டி ஒப்பிட்டுப் பாக்க ஆரம்பிச்சுடும். அது நூறு மடங்குக் கணக்குல மெதுவு, போர்டுக்கு ஆகாது. வெச்சதும் "ஹார்டுவேர் வாட்ச்பாயிண்ட்"னு பதில் வருதான்னு பாத்துக்கங்க.

ஜிடிபியில வாட்ச்னு அடிச்சு வேரியபிள் பேரைக் கொடுங்க. படிக்கறப்பவும் நிக்கணும்னா ஏவாட்ச், உங்களுக்கு அது வேண்டாம். உங்களுது குளோபல் வேரியபிள், அதனால பிரச்சனை இல்லை. ஃபங்ஷனுக்குள்ள இருக்கற லோக்கல் வேரியபிளுக்கு வெச்சா ஃபங்ஷன் முடிஞ்சதும் வாட்ச்பாயிண்ட்டும் போயிரும். ஈபிராம்ல இருந்து அளவை எடுத்து முடிச்ச பிறகு வைங்க, இல்லாட்டி நியாயமா எழுதறதுக்கும் நிக்கும். நிக்கறது எழுதி முடிச்ச பிறகுதான், ஒண்ணு ரெண்டு கட்டளை தள்ளி. அதனால காட்டற வரிக்கு முந்தின வரியையும் பாருங்க.

நொய்யல்_கரை | புதன், மதியம் 2.30

இன்னொண்ணு. ஆபீஸ்ல இருக்கற போர்டுல தேடாதீங்க, அங்க இந்தத் தப்பு வந்ததே இல்லைன்னுதானே சொல்றீங்க. காங்கேயத்துல மாட்டியிருக்கற அதே பெட்டியை அதே சிம்மோட கழட்டிட்டு வாங்க. ஐயாவுக்கு வேற பெட்டி, வேற சிம் குடுத்துட்டு வாங்க, கன்னு காயக்கூடாது. எதையும் மாத்தாம அப்படியே ஓட விடுங்க.

கோபி_பாசனம் | வெள்ளி, மதியம் 12.40

கண்டுபிடிச்சாச்சுங்க. கை இன்னும் நடுங்குது, முழுசா எழுதறேன்.

புதன் பொழுதோட பைக்குல காங்கேயம் போயி பெட்டியை மாத்திட்டு வந்தேன். ராத்திரியே வாட்ச் வெச்சு, பல்பை எரிய விட்டு, லேப்டாப்பை அப்படியே வெச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டேன். வியாழன் முழுக்க ஒண்ணும் ஆகலை. இன்னைக்கு காலையில 11 மணிக்கு மேல நின்னுச்சு.

பழைய மதிப்பு 52, புது மதிப்பு 48னு காட்டுச்சு. 4.8 ஆம்பியர்னா பெரிய தப்பில்லையேன்னு ஒரு நிமிசம் குழம்பிட்டேன். எஃப்5 அழுத்துனேன், உடனே மறுபடி நின்னுச்சு. பழைய மதிப்பு 48, புது மதிப்பு 16944.

அதாவது 1694.4 ஆம்பியர். எந்த மோட்டாரும் அவ்வளவு இழுக்காது, அப்ப எப்பப் பாத்தாலும் டிரை ரன்தான். ஒப்பிடற வரி சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு.

வாத்தியார் சொன்ன மாதிரி முதல்ல கால் ஸ்டாக்கைப் படிச்சேன். நின்ன எடம் டிரை ரன் கோடே இல்லைங்க. வந்த மெசேஜை ஒவ்வொரு பைட்டா பஃபருக்குள்ள (மெசேஜுக்குன்னு மெமரியில ஒதுக்கி வெச்ச எடம்) காப்பி பண்ற லூப். பஃபர் 160 பைட்டு. ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்துதானேன்னு யாரோ எழுதி வெச்சிருக்காங்க, நானும் ஒரு நாளும் கேள்வி கேட்டதில்லை. மெமரியில அதுக்கு அடுத்தாப்புல இருந்தது அந்த டிரை ரன் அளவு.

வந்த மெசேஜ் சிம் கம்பெனிக்காரங்க அனுப்புன ரீசார்ஜ் மெசேஜ். தமிழ்ல. தமிழ் மெசேஜ் ஒண்ணுல 70 எழுத்துதான் போகும், ஆனா மோடம் அதை டெக்ஸ்ட் மோடுல ஹெக்ஸா பிரிச்சுக் குடுக்குது, ஒரு எழுத்துக்கு நாலு எழுத்தா. த ங்கறது 0பிஏ4ன்னு வருது. 70ஐ நாலால பெருக்குனா 280. நாப்பது எழுத்துக்கு மேல போன எந்தத் தமிழ் மெசேஜும் பஃபரைத் தாண்டி எழுதியிருக்கு. தமிழ் எழுத்து எல்லாமே 0பின்னுதான் ஆரம்பிக்குது. 41ஆவது எழுத்தோட அந்த 0வும் பியும் ஆஸ்கியில ஹெக்ஸ் 30, 42. பின்னால வர்ற பைட்டுதான் மேல் பைட்டு, அதனால ரெண்டு பைட்டும் சேர்ந்தா 4230 ஹெக்ஸ், அதுதான் 16944. முதல்ல 48 வந்தது முதல் பைட்டு மட்டும் விழுந்தப்ப. அதுக்கும் பின்னாடி இருந்தது பழைய லாக் வெக்கற எடம், அதனால வேற எதுவும் வெளிய தெரியலை.

ஆபீஸ்ல ஏன் வரலைன்னா எங்க எல்லார் சிம்முக்கும் இங்கிலீஷ் மெசேஜ்தான் வருது. ஐயா சிம் வாங்கறப்பவே தமிழ்ல வேணும்னு சொல்லியிருக்கார்.

பனியன்_நிரலி | வெள்ளி, மதியம் 12.58

கோபி, படிச்சுட்டு எந்திரிச்சு நின்னுட்டேன். எங்க சாஃப்ட்வேர்லயும் கஸ்டமருக்கு எஸ்எம்எஸ் போகுது, எழுத்துக் கணக்கு இங்கிலீஷ் அளவுலதான் வெச்சிருக்கோம். இன்னைக்கே பாக்கறேன்.

ஸ்டார்டர்_பெட்டி | வெள்ளி, மதியம் 1.10

தம்பி, இத்தனை வருசத்துல "சென்சார் கோளாறு"ன்னு சொல்லி எத்தனை பெட்டியை மாத்தியிருப்பேன். சீரியல்ல பாத்திருந்தா அளவு தப்புன்னு தெரிஞ்சிருக்கும், யார் எழுதுனாங்கன்னு தெரிஞ்சிருக்காது. இதை ஒத்துக்கறேன்.

கோபி_பாசனம் | வெள்ளி, இரவு 8.20

பஃபரை 281 ஆக்கிட்டேன், முடிவுல வர்ற சுழியத்துக்கும் சேர்த்து. காப்பி லூப் பஃபர் அளவுல நிக்கற மாதிரி எழுதிட்டேன். அளவைத் தாண்டுனா உடனே தெரியறதுக்கு, பிராசசரை நிறுத்தற பிகேபிடி கட்டளையை லூப்புக்குள்ளயே விட்டு வெக்கலாமான்னு யோசிக்கறேன்.

சோமனூர்_பாவு | வெள்ளி, இரவு 8.33

வேண்டாம் தம்பி. டீபக்கர் கோத்திருக்கறப்ப அது அழகா நிக்கும். கோக்காத பெட்டியில அதே கட்டளை ஹார்ட்ஃபால்ட்டுக்கு (பிராசசர் தாங்க முடியாத தப்புன்னு எடுத்துக்கற நிலை) போயிரும். எனக்குத் தெரிஞ்ச ஒரு எடத்துல இப்படி ஒண்ணு விட்டுப் போயி, எப்பவோ ஒரு தரம் ஓடற வரிங்கறதால டெஸ்ட்ல தெரியாம, பெட்டி எல்லாம் தோட்டத்துக்குப் போனப்புறம் ஒவ்வொண்ணா நின்னுச்சு. டீபக் பில்டுல மட்டும் வர்ற மாதிரி மேக்ரோவுக்குள்ள போடுங்க. ரிலீஸ்ல லாக் எழுதிட்டு மெசேஜைத் தூக்கிப் போட்டுடுங்க.

நொய்யல்_கரை | வெள்ளி, இரவு 8.41

அனுப்புனவர் நம்பர் வெக்கற பஃபர் எத்தனை பைட்டு? அதையும் பாத்துருங்க. ஓ2 பில்டுலயும் ஒருக்கா.

கோபி_பாசனம் | சனி, காலை 11.30

நம்பர் பஃபர் 16 பைட்டு அக்கா. பிளஸ் 91ஓட சேர்த்து 13 எழுத்து, கம்பெனி பேரு வந்தாலும் 11 எழுத்துக்கு மேல வராது, இப்ப போதும். ஆனா மோடத்தை யுசிஎஸ்2 எழுத்துக்கு மாத்துனா நம்பரும் ஹெக்ஸாகி 52 வரும்னு ஏடி கமாண்டுல போட்டுப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன். அதனால அங்கயும் எல்லை போட்டுட்டேன்.

ஓஜி, ஓ2 ரெண்டு பில்டுலயும் என்ற போன்ல இருந்து 70 எழுத்துத் தமிழ் மெசேஜ் இருபது தரம் அனுப்புனேன். வாட்ச் ஒருக்காகூட நிக்கலை, 52 அப்படியே இருக்கு, பல்பு எரிஞ்சுட்டே இருக்கு. பெட்டியை மூடி சீல் போட்டாச்சு. மத்தியானம் சாப்பிட்டுட்டு காங்கேயம் கெளம்பறேன்.